பன் பட்டர் ஜாம்: பாலாடையில் தொடங்கும் எட்டு நாள் வேலை

டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கும் பன் பட்டர் ஜாமை வீட்டில் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் பன்னில்தான் முதலில் கை வைக்கிறார்கள். வெண்ணெயும் ஜாமும் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. அப்படிச் செய்தால் பன் மட்டும் வீட்டுப் பன்னாக இருக்கும், வாயில் வைத்தால் கடை ருசிதான் நிற்கும். மூன்றையும் வீட்டிலேயே செய்வதென்றால் வேலை தலைகீழாகத் தொடங்க வேண்டும். முதலில் வெண்ணெய், நடுவில் ஜாம், கடைசியில்தான் பன். காரணம் இருக்கிறது. வெண்ணெய் கடையும்போது கிடைக்கும் மோர்தான் பன் மாவைப் பிசையும் தண்ணீர். அந்த வெண்ணெயில் கால் பங்குக்கு மேல் மாவுக்குள்ளேயே போகிறது. ஜாமை எவ்வளவு புளிப்பாக நிறுத்துகிறோமோ அதற்கேற்பத்தான் பன்னில் சர்க்கரை.

கீழே உள்ள அளவு எட்டு பன்னுக்கு. 28 லிட்டர் ஓடிஜி மின் அடுப்பு, சாதாரண மிக்ஸி, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, இவை போதும். தராசு மட்டும் கட்டாயம். ஒரு கப் மைதா அளப்பவர் கையைப் பொறுத்து 120 கிராமும் இருக்கும், 150 கிராமும் இருக்கும். இந்த வித்தியாசத்தில் பன் கல்லாகும், இல்லையென்றால் கூழாகும்.

பாலாடை சேர்ப்பது

தினம் ஒரு லிட்டர் பால் வாங்கும் வீட்டில் எட்டு நாளில் 250 முதல் 300 கிராம் ஆடை சேரும். பாலைப் பொறுத்து இது மாறும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. நீல பாக்கெட்டை வைத்துக்கொண்டு வெண்ணெய்க்குக் காத்திருக்க வேண்டாம். உறையில் 'ஹோமோஜெனைஸ்டு' என்று இருந்தால் கொழுப்புத் துளிகளைப் பொடியாக உடைத்துப் பாலோடு கலந்துவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதில் ஆடை மெல்லிசாகத்தான் படியும். கறந்த பால் கிடைத்தால் அதற்கு ஈடில்லை.

பாலைப் பொங்கக் காய்ச்சி, அடுப்பைச் சிறிதாக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். மூடாமல் ஆறவைத்து, பிறகு மூடி ஃபிரிட்ஜில் ஆறு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் ஆடை அப்பளம் போல ஒரே தகடாக எழும்பும். சூட்டோடு மூடினால் மூடியில் படிந்த நீர் சொட்டி ஆடையைத் துளைத்துவிடும். எடுத்த ஆடையை ஃப்ரீசரில் ஒரு டப்பாவில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் எட்டு நாள் வைத்தால் கசப்பு ஏறும். குளிரிலும் வளரும் கிருமிகள் கொழுப்பையும் புரதத்தையும் சிதைப்பதால் வரும் கசப்பு அது, காய்ச்சினாலும் போகாது. கசந்த ஆடையை நெய்யாக்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நெய்யிலும் அந்த வாடை தங்கும்.

கடைவதற்கு முதல் நாள் மாலை ஆடையை வெளியே எடுத்து, முழுக்க இளகியதும் 300 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி தயிர் கலந்து உறை ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் ஐந்து மணி நேரம், மார்கழியில் எட்டு மணி நேரம். லேசான புளிப்பு வாசம் வந்தால் போதும், தயிர் போலக் கெட்டிப்பட வேண்டியதில்லை. பிறகு இரவு முழுக்க ஃபிரிட்ஜில். உறை ஊற்றாத ஆடையிலும் வெண்ணெய் வரும். ஆனால் அது வெறும் கொழுப்பாக வாயில் படியும். தொட்டால் நாக்கில் எழும்பும் அந்த வெண்ணெய் வாசம் புளிக்கும்போது கிருமிகள் உண்டாக்குவது.

கடைவது

கடையும்போது ஆடையின் சூடு 12 முதல் 15 டிகிரி இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்ணில்தான் பெரும்பாலான தோல்விகள் அடங்கியிருக்கின்றன. 20 டிகிரிக்கு மேல் போனால் கொழுப்பு எண்ணெயாக இளகி மோரோடு கலந்து மஞ்சள் கஞ்சி போல நிற்கும், உருண்டு வராது. ஃபிரிட்ஜிலிருந்து நேராக 5 டிகிரியில் போட்டால் கத்தியைச் சுற்றி அப்பிக்கொண்டு அசையாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வைத்தால் வெயில் காலத்தில் சரியாக அந்தச் சூட்டுக்கு வந்துவிடும்.

மிக்ஸியின் பெரிய ஜாரில் ஆடையைப் போட்டு 150 மி.லி. குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். தொடர்ந்து ஓடவிடக் கூடாது, சூடேறிவிடும். பத்து விநாடி ஓட்டி, ஐந்து விநாடி நிறுத்தி மறுபடி. முதலில் நுரைத்துக் கெட்டிப்படும். மோட்டார் சத்தம் கனத்து, ஜாருக்குள் எதுவும் நகராதது போலத் தோன்றும். பலர் இங்கேதான் வராது என்று விட்டுவிடுகிறார்கள். இன்னும் நாலைந்து முறை. திடீரென்று சத்தம் லேசாகி 'சளக் சளக்' என்று தண்ணீர் அடிக்கும். மூடியைத் திறந்தால் ரவை போன்ற மஞ்சள் மணிகள் வெள்ளை மோரில் மிதந்துகொண்டிருக்கும். அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் ஓட்டினால் மணிகள் ஒன்றாகித் தமக்குள் மோரை அடைத்துக்கொள்ளும், பிறகு அதை வெளியே எடுப்பது பெரும் பாடு.

இப்போது வடிகட்டும் முதல் மோரைத் தனியாக எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். 250 மி.லி. அளவில் கிடைக்கும். மாவுக்கு 95 மி.லி. போதும், மிச்சம் குடிப்பதற்கு. வெண்ணெய் மணிகளை ஐஸ் தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். நீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். உள்ளே தங்கும் மோரில் இருக்கும் பால் சர்க்கரையும் புரதமும்தான் வெண்ணெயை மூன்றாம் நாளே நாற வைப்பவை. அலசியதை மரக்கரண்டியால் தட்டின் ஓரத்தில் அழுத்தி அழுத்தி நீரைப் பிழியுங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கண்ணீர் போலச் சில துளி வரும், அது நின்றால் சரி. கடையில் விற்கும் மேசை வெண்ணெயில் சட்டப்படி 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். கையால் பிழிந்ததில் நீர் அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் நிற்கும்.

300 கிராம் ஆடைக்கு 120 முதல் 140 கிராம் வெண்ணெய் வரும். மாவுக்கு 36 கிராமை உப்பில்லாமல் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் நூறு கிராமுக்கு ஒன்றரை கிராம் வீதம் நைசான உப்பு பிசையுங்கள். பன் பட்டர் ஜாமுக்கு உப்பில்லாத வெண்ணெய் சேராது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஜாமின் இனிப்பு தனியாகத் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஒரு கல் உப்பாவது இருக்க வேண்டும். விலைக்காக மார்கரின் தடவும் கடைகளில் அந்த ருசி கிடைக்காததற்கு உருகும் சூடும் ஒரு காரணம். வெண்ணெய் வாய்ச் சூட்டிலேயே முழுக்க உருகிவிடும். மார்கரின் பலவற்றில் உருகாத பங்கு அண்ணத்தில் மெழுகு போல ஒட்டும்.

பன்னீர் திராட்சை ஜாம்

கடையில் 'மிக்ஸ்டு ஃப்ரூட்' என்று விற்கும் சிவப்பு ஜாமுக்குப் பதிலாகக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை எடுத்துக்கொள்வோம். மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகத்துக்கு நம் ஊரில் வழங்கும் பெயர் இது. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சை என்று புவிசார் குறியீடு பெற்றது. விதை இருக்கிறது என்று ஒதுக்காதீர்கள். விதையில்லாக் கறுப்பு திராட்சையில் இந்தப் பன்னீர் வாசம் கிடையாது, வேகவைத்தால் வெறும் இனிப்புதான் மிஞ்சும்.

ஒரு கிலோ திராட்சை, அதில் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு மாறாத செங்காயாக இருப்பது நல்லது. பழுக்கப் பழுக்கப் பெக்டின் குறையும். ஜாமை உறைய வைக்கும் பசை அதுதான். சர்க்கரை 500 கிராம். பெரிய எலுமிச்சை ஒன்று. முக்கால் பழுத்த கொய்யா ஒன்று, 150 கிராம் அளவில். கொய்யா எதற்கு என்றால், பெக்டின் நிறைந்த பழங்களில் அது முன்வரிசை, கடைப் பொடிக்கு அவசியமே இல்லாமல் செய்துவிடும். கொய்யாவை மெல்லியதாக நறுக்கி 250 மி.லி. தண்ணீரில் இருபது நிமிடம் வேகவைத்து வடிகட்டினால் நூறு மி.லி. வழவழப்பான நீர் கிடைக்கும். துணியைப் பிழிய வேண்டாம், மணல் போன்ற துணுக்குகள் இறங்கிவிடும். இந்த அளவு நீரில் கொய்யா வாசம் திராட்சையை மீறாது.

திராட்சையை உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து மூன்று முறை கழுவி, காம்பு நீக்கி, அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் கையால் நசுக்குங்கள். அலுமினியமும் இரும்பும் வேண்டாம். பழப் புளிப்பு உலோகத்தை அரிக்கும், நிறமும் கறுத்துப்போகும். 100 மி.லி. தண்ணீரோடு கால் மணி நேரம் மூடி வேகவையுங்கள். ஆறியபின் துளையுள்ள வடிதட்டில் தேய்த்தால் விதை தங்கும், சாறும் சதையும் இறங்கும். மேலே நிற்கும் தோலைப் பொறுக்கி எடுத்து மிக்ஸியில் ஒரே சுற்று சுற்றிச் சாற்றோடு சேர்த்துவிடுங்கள். நிறமும் பெக்டினும் தோலில்தான் அதிகம். விதையோடு அரைத்துவிட்டு வடிகட்டும் குறுக்கு வழி உண்டு. விதையின் கசப்பு சாற்றில் இறங்கியபின் எத்தனை சர்க்கரை போட்டாலும் மறையாது, ஆகவே அதைச் செய்யாதீர்கள்.

இப்போது ஒரு இரவு பொறுக்க வேண்டும். வடித்த சாற்றை ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் மேலாக ஊற்றி எடுத்துவிட்டு அடியில் படிந்ததைத் தடவிப் பாருங்கள். பாத்திரத்தின் அடியில் நறநறவென்று கண்ணாடித் தூள் போல இருக்கும். திராட்சையில் இயல்பாகவே உள்ள டார்டாரிக் அமிலம் குளிரில் உப்பாகப் படிவது அது, கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் அதை நீக்காமல் ஜாம் காய்ச்சினால் பத்து நாள் கழித்து பாட்டிலுக்குள் அதே படிகங்கள் முளைக்கும். சர்க்கரை பூத்துவிட்டது என்று எண்ணிப் பலர் மறுபடி காய்ச்சுகிறார்கள். சூட்டில் கரையும், ஆறினால் திரும்பவும் வரும்.

சாறும் தோலும் சேர்த்து 800 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதோடு கொய்யா நீரைச் சேர்த்துக் கொதிக்க விட்டு, தோல் விரலில் நசுங்கும் பதம் வந்தபின்தான் சர்க்கரை. முன்னாலேயே போட்டால் தோல் இறுகி ரப்பராகும். சர்க்கரை கரையும்வரை சிறு தீ, கரைந்தபின் பெருந்தீ. மெதுவாக நேரமெடுத்துக் காய்ச்சினால் பெக்டினும் உடையும், வாசமும் போகும். பாத்திரத்தின் வாய் அகலம் கொதி நேரத்தைப் பாதியாக்கும். குறுகிய ஆழமான பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் ஆகும் வேலை, 28 செ.மீ. அகல உருளியில் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடியும்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் ஜாமின் முழுச் சூட்சுமம். வெப்பமானி இருந்தால் கடலோர ஊர்களில் 104.5 டிகிரி. மலை ஊர்களில் இந்த எண் பொய்த்துவிடும். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீரே 93 டிகிரியில் கொதிக்கும், அங்கே 97.5-இல் நிறுத்த வேண்டும். அவரவர் ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூட்டோடு நாலரை டிகிரி கூட்டிக்கொள்வது எங்கும் பொருந்தும் கணக்கு.

வெப்பமானி இல்லாவிட்டால் தராசு போதும். ஜாமின் எடையில் 65 சதவீதம் கரைபொருளாக இருந்தால் அது உறையும், கெடவும் செய்யாது. பன்னீர் திராட்சைச் சாற்றில் இயல்பான இனிப்பு ஏறக்குறைய 16 சதவீதம் என்று வைத்தால் 800 கிராமில் 128 கிராம். போட்ட சர்க்கரை 500. ஆக 628. இதை 0.65-ஆல் வகுத்தால் 966. அதாவது உருளிக்குள் இருப்பது 970 கிராமுக்கு இறங்கும்போது ஜாம் தயார். காலி உருளியின் எடையை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, கனமான பலகையைத் தராசில் வைத்து அதன்மேல் உருளியை இறக்கி நிறுக்க வேண்டியதுதான். ஃப்ரீசரில் வைத்த எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழுந்தால் சரி என்ற பழைய சோதனையையும் கூடவே செய்யுங்கள். சொட்டைப் பார்க்கும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் பதம் தாண்டிவிடும்.

எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, இறக்குவதற்கு மூன்று நிமிடம் முன்னால். அந்த இடத்தில் அடுப்பை விட்டு நகராமல் பாருங்கள். அதுவரை நாவல்பழக் கறை போல மங்கிக் கிடந்த நிறம், சாறு விழுந்த இடத்திலிருந்து வட்டமாகப் பரவி மாணிக்கச் சிவப்பாகத் திரும்பும். திராட்சைத் தோலின் நிறமி புளிப்பில் சிவக்கும், புளிப்புக் குறைந்தால் நீலத்துக்குப் போகும். போர்வெல் தண்ணீரில் செய்த ஜாம் அழுக்கு ஊதாவாக நிற்பதற்கும் இதுவே காரணம், அப்போது இன்னும் அரை எலுமிச்சை பிழியலாம்.

பாட்டிலைப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஓடிஜியில் 110 டிகிரியில் ஈரம் போக உலர்த்தி, சூடான ஜாமைச் சூடான பாட்டிலிலேயே ஊற்றி மூடுங்கள். சூடு ஜாமைக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் விரிசல் விடும். மறுநாளும் ஜாம் பாகாகவே ஓடினால் ஒரு எலுமிச்சை சேர்த்து மறுபடி கொதிக்கவிட்டு எடையைப் பாருங்கள். ரப்பராகிவிட்டிருந்தால் பதம் தாண்டியது. கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்கலாம், பழைய வழவழப்பு வராது.

மாவு

மைதா 300 கிராம், சர்க்கரை 45, உப்பு 5, உடனடி ஈஸ்ட் 4, பால் பொடி 15, வெண்ணெய் 36, மோர் 95 மி.லி., தண்ணீர் 100 மி.லி. பாக்கெட்டின் ஊட்டச்சத்து அட்டவணையில் புரதம் நூறு கிராமுக்கு 10 அல்லது அதற்கு மேல் இருக்கும் மைதாவாக எடுங்கள். 9-க்குக் கீழே இருந்தால், மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதமான குளூட்டன் பொடி ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். கோதுமை மாவில் செய்யக் கேட்பவர்களுக்கு: மூன்றில் ஒரு பங்கு வரை மாற்றலாம், அதற்கு 20 மி.லி. மோர் கூடுதல். அதற்கு மேல் போனால் தவிடு குளூட்டன் இழைகளை அறுத்துவிடும், பன் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் டீக்கடைப் பன்னின் மெத்துமெத்து வராது.

முதலில் கூழ். 300 கிராமிலிருந்து 20 கிராம் மைதாவை எடுத்து 100 மி.லி. தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சிறு தீயில் கிளறுங்கள். கரண்டி போன தடம் அடியில் தெரியும்போது இறக்குங்கள், 65 டிகிரி. வெந்த மாவுச்சத்து தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும். பிசையும்போது அந்த நீர் கையில் ஒட்டாது, சுட்டபின் பன்னுக்குள்ளேயே தங்கும். மறுநாளும் பன் மென்மையாக இருப்பது இதனால்தான். கூழை நன்றாக ஆறவிட வேண்டும். 55, 60 டிகிரிச் சூட்டில் ஈஸ்ட் செத்துப்போகும்.

ஈஸ்ட்டில் சந்தேகம் இருந்தால் கை பொறுக்கும் வெந்நீர் 50 மி.லி., அரைத் தேக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை ஈஸ்ட். பத்து நிமிடத்தில் நுரை கட்டாவிட்டால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள். சில்லறையாகப் பொட்டலம் கட்டி விற்பதில்தான் இது அதிகம் நேரும்.

மாவு, சர்க்கரை, பால் பொடி, ஈஸ்ட், உப்பு எல்லாவற்றையும் கலந்து, கூழையும் மோரையும் விட்டுச் சேர்த்தெடுங்கள். மோரில் 15 மி.லி.யைக் கையில் நிறுத்தி வையுங்கள். மழைக்காலத்தில் மைதாவே ஈரம் வாங்கியிருக்கும், அந்த 15 தேவைப்படாது. ஃபிரிட்ஜிலிருந்து வரும் குளிர்ந்த மோர் இங்கே இரட்டை வேலை செய்கிறது. சென்னை மே மாதச் சமையலறையில் 34 டிகிரி இருக்கும்போது, வெதுவெதுப்பான பாலில் பிசைந்தால் பிசைந்து முடிவதற்குள்ளேயே மாவு புளிக்கத் தொடங்கிவிடும். குளிர்ந்த மோர் விட்டால் மாவு 28 டிகிரியில் நிற்கும். 'வெதுவெதுப்பான பால்' என்று எழுதியிருக்கும் செய்முறைகள் குளிர் நாட்டுச் சமையலறைக்கு எழுதப்பட்டவை.

கலந்த மாவை மூடி இருபது நிமிடம் சும்மா விடுங்கள். பாதிப் பிசைதல் அப்போதே நடந்துவிடும். பிறகு பத்து நிமிடம் பிசைந்து, மாவு வழவழப்பானதும் வெண்ணெயை மூன்று தடவையாகச் சேர்க்க வேண்டும். வெண்ணெய் விழுந்ததும் மாவு பிய்ந்து, வழுக்கி, கையெல்லாம் அப்பி, எல்லாம் கெட்டுவிட்டது போல இருக்கும். மாவு தூவாதீர்கள். மூன்று நிமிடத்தில் உள்வாங்கிக்கொள்ளும். கோலி அளவு மாவைக் கிள்ளி நான்கு பக்கமும் இழுத்தால் கிழியாமல் மெல்லிய ஜவ்வாகி விரல் நிழல் தெரிய வேண்டும். கிழிந்தால் இன்னும் ஐந்து நிமிடம்.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி வைத்தால் கோடையில் ஐம்பது நிமிடத்தில் இரண்டு மடங்காகும், மார்கழியில் ஒன்றரை மணி நேரம். கடிகாரத்தை நம்பாமல் பாத்திரத்தைப் பாருங்கள். அதிகம் பொங்கினால் சாராய வாடை அடிக்கும், சுட்டபின்னும் அது போகாது. காற்றை அமுக்கி எடுத்து, 72 கிராம் வீதம் எட்டாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் ஓரங்களை நடுவுக்கு இழுத்துச் சேர்த்து, மடிப்பு கீழே இருக்கும்படி திருப்பி, கையைக் குவித்துப் பலகையில் சுழற்றினால் மேல் தோல் விறைப்பாகும். விறைப்பு இல்லாத உருண்டை மேலே எழும்பாமல் பக்கவாட்டில் பரவும். பத்து நிமிடம் ஓய்வு கொடுத்து, உள்ளங்கையால் 8 செ.மீ. அகலத்துக்குத் தட்டுங்கள். ஓய்வு தராமல் தட்டினால் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

தட்டில் இரண்டு செ.மீ. இடைவெளி விட்டு அடுக்கினால் பொங்கிப் பக்கத்துப் பன்னோடு ஒட்டிக்கொள்ளும், அந்தப் பக்கங்கள் பஞ்சு போல இருக்கும். எட்டும் ஒரு தட்டில் கொள்ளாவிட்டால் நான்கை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த சூட்டில் போடுங்கள், வெளியே காத்திருந்தால் பொங்கி வழிந்துவிடும். இந்த இரண்டாம் பொங்கலுக்கு 35 முதல் 45 நிமிடம். விரல் நுனியால் மெதுவாக அழுத்தினால் குழி பாதி மட்டும் மெல்ல எழும்ப வேண்டும். சட்டென்று முழுக்க எழும்பினால் இன்னும் நேரம் தேவை. எழும்பவே இல்லையென்றால் தாண்டிவிட்டது, அந்தப் பன் அடுப்பில் சுருங்கும்.

சுடுவது

ஓடிஜியின் திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 160-உம் இருக்கும், 205-உம் இருக்கும். சிறிய அடுப்பு வெப்பமானி ஒன்றை உள்ளே தொங்கவிட்டு ஒருமுறை பார்த்துக்கொண்டால் பிறகு அந்த அடுப்பின் பொய்யை நாமே திருத்திக்கொள்ளலாம். விளக்கு அணைந்ததும் தயார் என்று எண்ணாமல் இருபது நிமிடம் முன்சூடு. சுவர்கள் சூடாகாத அடுப்பு, கதவைத் திறந்ததும் சூட்டை விட்டுவிடும். பன்மேல் பால் தடவி, நடுவுக்குக் கீழ்த்தட்டில், இரண்டு கம்பியும் எரிய 180 டிகிரியில் 15 முதல் 17 நிமிடம். பத்தாவது நிமிடத்தில் தட்டைத் திருப்புங்கள், பின்பக்கம் எப்போதும் முன்னால் சிவக்கும். மேல் கம்பிக்கு அருகே போனால் ஐந்தாம் நிமிடமே மேலே கருகி, உள்ளே மாவாக நிற்கும்.

நடுவில் வெப்பமானி குத்தினால் 93 டிகிரி காட்ட வேண்டும். வெளியே எடுத்த நொடியே மேலே வெண்ணெய் தடவி, மெல்லிய பருத்தித் துணியால் மூடுங்கள். வெளியேறும் ஆவியே மேல் தோலை மென்மையாக்கும். கம்பித்தட்டில் ஆற வேண்டும், சூட்டுத் தட்டிலேயே விட்டால் அடி நமத்துப்போகும். முக்கால் மணி நேரத்துக்கு முன் வெட்டினால் கத்தியில் பிசின் போல இழுக்கும்.

ஓடிஜி இல்லாதவர்கள் அடி கனமான இரும்புச் சட்டியில் முக்காலி வைத்து, கனத்த மூடி போட்டு, பதினைந்து நிமிடம் காயவிட்டு, சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம் சுடலாம். மேலே சிவக்காது, தோசைக்கல்லில் திருப்பிப் போட்டு நிறம் ஏற்ற வேண்டும். குக்கரில் தண்ணீரில்லாமல் காயவைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம், பாத்திரமும் கெடும், பாதுகாப்பும் இல்லை.

பக்கவாட்டில் வெடித்திருந்தால் இரண்டாம் பொங்கல் போதவில்லை. ஆறியதும் மேலே சுருக்கம் விழுந்தால் பொங்கல் மிஞ்சியது, அல்லது வேக்காடு போதவில்லை. அடி மட்டும் கெட்டியாகி மேலே வெளுத்திருந்தால் தட்டை ஒரு படி மேலே ஏற்றுங்கள்.

இன்னொரு கோளாறு வெயில் ஊர்களுக்கே உரியது. இரண்டாம் நாள் பன்னைப் பிய்த்தால் உள்ளே பிசுபிசுத்து நூல் நூலாக இழுபடும், அழுகிய அன்னாசி போல வாடை வரும். மாவிலேயே இருக்கும் பேசில்லஸ் கிருமியின் வித்துகள் 93 டிகிரியில் சாகாமல் தப்பி, புழுக்கத்தில் முளைப்பதால் வருவது இது. தின்னக் கூடாது. பேக்கரிகளில் இதற்கும் பூஞ்சைக்கும் கால்சியம் புரோபியோனேட் சேர்க்கிறார்கள், அது அனுமதிக்கப்பட்டதுதான். பொட்டாசியம் புரோமேட் வேறு கதை, மாவை விறைப்பாக்கப் பயன்பட்ட அதை 2016-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. வீட்டுப் பன்னில் நூல் பிடிப்பதைத் தடுக்க மோரின் புளிப்பே பெரிய உதவி. ஒருமுறை வந்துவிட்டால் பலகை, பாத்திரம், துணி எல்லாவற்றையும் வினிகரில் துடைத்துவிட்டு, புது மாவில் தொடங்குங்கள்.

தடவுவது

பன்னைக் குறுக்கே வெட்டும்போது ஒரு ஓரம் ஒட்டியிருக்கட்டும். வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரத்தில் தடவ வேண்டும், 18 டிகிரிக்குப் பக்கத்தில் அது கத்திக்கு இணங்கும், எண்ணெயாகவும் இளகாது. இரண்டு வெட்டு முகத்திலும் முதலில் வெண்ணெய், மொத்தம் 10 கிராம். ஓரம் வரை போக வேண்டும். அதன் மேல் ஒரு முகத்தில் மட்டும் ஜாம் 20 கிராம். ஜாமை முதலில் தடவினால் பன் அதை உறிஞ்சி நீலக் கறையாக நமத்துவிடும், வெண்ணெய் அடியில் இருந்தால் ஜாம் மேலேயே நிற்கும்.

சூடாக வேண்டுவோர் ஜாம் தடவும் முன், வெண்ணெய் தடவிய முகங்களைத் தோசைக்கல்லில் சிறு தீயில் நாற்பது விநாடி கவிழ்த்து வையுங்கள். உறை ஊற்றிய வெண்ணெயில் எஞ்சிய பால் பொருள் சிவந்து, நெய் காய்ச்சும்போது அடிக் கசண்டு மணக்குமே, அந்த மணம் எழும். அதன் மேல் புளிப்பும் பன்னீர் வாசமுமாகக் குளிர்ந்த ஜாம். மூடி, லேசாக அழுத்தி, இஞ்சி தட்டிய டீயோடு அப்போதே தின்றுவிட வேண்டும்.

மிஞ்சிய பன்னை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். மாவுச்சத்து இறுகுவது அந்தக் குளிரில்தான் வேகமாக நடக்கும். காற்றுப்புகாத டப்பாவில் வெளியே இரண்டு நாள். அதற்கு மேல் என்றால் சுட்ட அன்றே ஃப்ரீசரில் போட்டு, தின்னும் முன் இட்லித் தட்டில் இரண்டு நிமிடம் ஆவி காட்டினால் புதுப் பன். வெளியே வைத்துக் காய்ந்துபோனதை ஒன்றரை செ.மீ. துண்டுகளாக்கி 120 டிகிரியில் நாற்பது நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு உலர்த்தினால் ரஸ்க். ஒரு வாரத்துக்குத் தாங்கும், டீயில் முக்கியதும் கரைந்து விழாது.